உன் அக்காள் பெயரை உடனே நீக்கவும்

நகரி,
ஆவணி 5, வியாழக்கிழமை.

அன்புள்ள மச்சான் கோபிகிருஷ்ணனுக்கு, உன் மாமா வேங்கடாசலம் ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொள்வது. அத்தைக்கு என் வணக்கம். உன் வீட்டுக்காரிக்கும் குழந்தை பிரித்திகாவுக்கும் ஆசிகள். திருத்தணி முருகன் அருளால் உன் ஜெராக்ஸ் மிஷின் பேப்பரைத் தின்னாமல் ஓடிக்கொண்டிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் முப்பத்தோரு வருஷம் நூற்பாலையில் டைம் கீப்பராக இருந்தவன் நான். வராதவனை வந்தான் என்று ஒரு நாளும் ரிஜிஸ்டரில் எழுதியதில்லை. எங்கள் சொந்தச் சித்தப்பா மகனுக்கே ஆப்சென்ட் போட்டிருக்கிறேன், அவன் கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடவில்லை. அப்படிப்பட்டவன் இல்லாத சுகத்தை இருக்கிறது என்று எழுத மாட்டேன்.

நான் ஆந்திராவிலும் நீ தமிழ்நாட்டிலுமாக, வெறும் பதினைந்து கிலோமீட்டரில் இருந்துகொண்டு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நேரில் வந்தால் அத்தை பாயசம் வைத்துவிடுவார்கள். பாயசத்தை வாயில் வைத்துக்கொண்டு உன்னைத் திட்ட முடியாது. போன் செய்தாலோ, விஷயம் உனக்குப் பிடிக்காத பக்கம் திரும்பியதும் "மாமா, சரியா கேக்கல மாமா, கடையில கூட்டம்" என்று வைத்துவிடுவாய். ஸ்பீடு போஸ்ட் என்றால் கையெழுத்துப் போட்டு வாங்கித்தான் தீரவேண்டும். நன்றாக உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு மேலே படி.

உன் அக்காளுக்குப் பித்தப்பையில் கல். ஒன்றில்லை, ஐந்து. உங்கள் யாருக்கும் சொல்லக்கூடாது, அம்மா பயந்துவிடுவாள் என்று மூன்று மாதமாக என்னிடம் சத்தியம் வாங்கி வைத்திருந்தாள். அந்தச் சத்தியத்தை இந்தக் கடிதத்தில் உடைக்கிறேன், அந்தப் பாவத்தில் பாதி உன்னுடையது. ஏன் என்று பிறகு தெரியும். வைகாசி முகூர்த்தத்தில் நாராயணவனத்தில் ஒரு கல்யாணம். உன் அக்காள் பந்தியில் உட்கார்ந்து இரண்டு மைசூர்பாகும் நாலு பஜ்ஜியும் சாப்பிட்டாள். தாலி கட்டின மேளமே இன்னும் ஓயவில்லை, வலது விலாவைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தாள். "வாயுங்க, ஓமத்தண்ணி குடிச்சா பூடும்" என்று அவளே வைத்தியமும் சொன்னாள். திருப்பதிக்குக் கூட்டிக்கொண்டு போய் ஸ்கேன் எடுத்ததில் கல் தெரிந்தது. மூன்று மாதத்துக்குள் ஆபரேஷன் செய்துவிடுங்கள், பை வீங்கிச் சீழ் பிடித்தால் உயிருக்கே மோசம் என்றார் டாக்டர். செலவைக் கேட்டேன். அவர் சொன்ன தொகைக்கு எங்கள் நாற்பது மாமரங்களும் தொடர்ந்து மூன்று வருஷம் காய்க்கவேண்டும். இந்த வருஷம் காய் விற்ற லட்சணம் உனக்கே தெரியும்.

வேலையில் இருந்தவரை எனக்கு ஈ.எஸ்.ஐ. இருந்தது. நான் ஓய்வு பெற்ற அன்று அதுவும் ஓய்வு பெற்றுக்கொண்டது. நம் தருணுக்கு ஸ்ரீ சிட்டி கம்பெனியில் இன்சூரன்ஸ் உண்டு, ஆனால் அது அவனுக்கும் அவன் பெண்டாட்டி பிள்ளைக்கும் மட்டும்தானாம், பெற்றவர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்களாம். சரி, நாமே ஒரு பாலிசி எடுத்துவிடுவோம் என்று பவன்குமார் என்கிற ஏஜெண்டை வரவழைத்தேன். தங்கமான பையன், வந்ததும் காலைத் தொட்டுக் கும்பிட்டான். "கம்பெனியிலேர்ந்து ஒரு மேடம் போன் பண்ணுவாங்க அம்மா, உடம்புக்கு ஏதாவது கீதான்னு கேப்பாங்க, பார்த்துச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். மறுநாள் அந்தப் பெண் கூப்பிட்டாள். "வணக்கம் அம்மா, உங்க உடம்பு எப்படி இருக்கு, ஏதாவது தொந்தரவு உண்டா?" என்று கேட்டாள், அவ்வளவுதான். உன் அக்காள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். விலா வலியில் ஆரம்பித்து, முட்டி, கழுத்து, கண்ணில் பூச்சி பறப்பது, தருண் பிறந்தபோது வந்த ஜன்னி, ஆடியில் மட்டும் வருகிற தும்மல் என்று நாற்பத்திரண்டு நிமிஷம் பேசினாள். பழைய பழக்கத்தில் நான் நேரம் குறித்து வைத்திருக்கிறேன். நடுவில் கையைக் காட்டி நிறுத்தப் பார்த்தேன். "சும்மா இருங்க, அந்தப் பொண்ணு எவ்ளோ தன்மையா கேக்குது" என்று என்னை அடக்கிவிட்டாள். போனை வைத்தபோது அவள் முகம் நோய் பாதி குறைந்தவள் முகமாக இருந்தது. முப்பத்துநாலு வருஷத்தில் யாரும் அவளை உட்காரவைத்து இப்படிக் கேட்டதில்லை மச்சான், நானும் கேட்டதில்லை. அதற்காக அன்றைக்கு வெட்கப்பட்டேன்.

வெட்கம் ஒரு பக்கம், பாலிசி ஒரு பக்கம். நாலாம் நாள் பவன்குமார் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான். "சார், அம்மா கொஞ்சம் கம்மியா சொல்லியிருக்கலாம் சார்" என்றான். பித்தப்பைக் கல்லுக்கு மூன்று வருஷம் பொறுக்கவேண்டுமாம், அதன் பிறகு கம்பெனி பார்த்துக்கொள்ளுமாம். அதுவரை வெடிக்காமல் இருக்கும்படி கல்லிடம் யார் சொல்வது? முட்டிக்கும் அப்படியே, கண்ணுக்கும் அப்படியே, கழுத்துக்கும் அப்படியே. பையன் ஒவ்வொரு உறுப்பாகக் கழித்துக்கொண்டே வந்தான். கடைசியில் என்னதான்டா மிச்சம் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்து, "டெங்கு வந்தா ஃபுல் கவர் சார்" என்றான். உன் அக்காள் அவனுக்கு மோர் கொடுத்து அனுப்பினாள்.

இனி அரசாங்கம்தான் கதி என்று எங்கள் வார்டு சச்சிவாலயத்துக்குப் போனேன். உங்கள் பக்கம் வி.ஏ.ஓ. ஆபீஸ், தாலுகா ஆபீஸ், இ-சேவை மூன்றையும் ஒரே அறையில் அடைத்தால் எப்படியோ அதுதான் சச்சிவாலயம். அங்கே கம்ப்யூட்டரில் உட்காருகிற பெண் ஹரிதா. நல்ல பெண், எல்லோரையும் அங்கிள் என்பாள். குடும்ப விவரத்தைப் புதுப்பித்துவிட்டால் மாநிலத்து மருத்துவ அட்டை வந்துவிடும், ஆபரேஷனுக்கு ஒரு பைசா இல்லை என்றாள். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. கட்டைவிரலை வைக்கச் சொன்னாள். வைத்தேன். "தம்ப் ராலேது அங்கிள், இங்கோ வேலு பெட்டண்டி" என்றாள். வேறு விரலை வைத்தேன். பத்து விரலையும் வைத்தேன். ஒன்றும் பதியவில்லை. அது மாங்காய் இறக்குகிற பருவம், காம்பு ஒடிக்கிற பால் பட்டுப் பட்டு என் விரல் ரேகையெல்லாம் வெந்து வழவழவென்று போயிருந்தது. முப்பத்தோரு வருஷம் அடுத்தவன் வந்தானா இல்லையா என்று சரிபார்த்தவன், நான் வந்திருக்கிறேன் என்பதை ஒரு டப்பாவிடம் நிரூபிக்க முடியாமல் நின்றேன். "பரவாயில்ல அங்கிள், மூஞ்சிய வெச்சுப் பண்ணலாம், இப்போ சர்வர் டவுன், அடுத்த வாரம் வாங்க" என்றாள் ஹரிதா.

அந்த ஒரு வாரத்தில்தான் புத்தி கெட்டுப்போனது. அட்டை கைக்கு வந்தால் மலைக்கு வந்து மொட்டை போடுகிறேன் என்று ஏழுமலையானுக்கு வேண்டிக்கொண்டேன். அதோடு விட்டிருக்கவேண்டும். ஆனால் அவர் வட்டியோடு வசூல் செய்கிற சாமி என்று நம் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். பாக்கி வைப்பானேன், முதலிலேயே செலுத்திவிட்டால் அவருக்கும் ஒரு கட்டாயம் வரும் என்று கணக்குப் போட்டு, மறுநாள் காலை முதல் பஸ்ஸில் மலைக்குப் போய் முன்கூட்டியே முடியைக் கொடுத்துவிட்டேன். நாவிதர் மீசையைத் தொடவா என்று கேட்டார். அரைகுறையாகச் செய்வது என் வழக்கமில்லை, அதையும் எடுங்கள் என்றேன். இருபத்தோரு வயதில் வைத்த மீசை மச்சான். வீட்டுக்குத் திரும்பினேன். உன் அக்காள் கதவைப் பாதி திறந்து, "யாரு வோணும்? அவரு வூட்ல இல்ல" என்றாள்.

பெண்டாட்டிக்கே அடையாளம் தெரியாதவனை மிஷினுக்கு எப்படித் தெரியும்? ஹரிதா போனை என் முகத்துக்கு நேரே பிடித்து, "கண்ணு சிமிட்டுங்க அங்கிள்" என்றாள். அப்படிச் சிமிட்டினால்தான் உயிரோடு இருக்கிற ஆள் என்று அது நம்புமாம். பின்னால் விதவை பென்ஷனுக்கு வந்த பெண்கள் பதினைந்து பேர் வரிசையில் நிற்கிறார்கள். நான் மொட்டைத் தலையில் சந்தனத்தைப் பூசிக்கொண்டு, மகள் வயதுப் பெண்ணைப் பார்த்துக் கண் அடிக்கிறேன். ஒரு தரம் இல்லை, ஒன்பது தரம். ஒன்பது தரமும் சிவப்பு வட்டம். ஆதாரில் இருக்கிற நான் அடர்ந்த மீசையும் சுருள் முடியுமாக இருக்கிறேனாம், எதிரில் நிற்கிற ஆள் வேறு யாரோவாம். "முடி வளர்ந்ததும் வாங்க அங்கிள்" என்று சொல்லிவிட்டாள்.

அன்றிலிருந்து மூன்று நாளைக்கு ஒரு தரம் போய்த் தலையைக் காட்டிவிட்டு வந்தேன். ஹரிதா எழுந்து நின்று நாற்றங்காலைப் பார்க்கிற மாதிரி பார்த்து, "பரவாயில்ல, மேல வந்துடுச்சு, மீசைதான் போதல" என்பாள். பொறுக்கமாட்டாமல் ஒருநாள் உன் அக்காள் கண்மையை எடுத்து எனக்கு மீசை வரைந்துவிட்டாள். நல்ல வெயில். சச்சிவாலயத்தில் மின்சாரம் இல்லை. என் முறை வருவதற்குள் மீசை வழிந்து தாடையில் இறங்கிவிட்டது. "அங்கிள், இது கவர்மெண்ட் ஆபீஸு" என்று ஹரிதா கைக்குட்டையை நீட்டினாள். இதையெல்லாம் படித்து நீ சிரிப்பாய் என்று தெரியும். ஆனால் போன வெள்ளிக்கிழமை மறுபடியும் வலி வந்தது. இந்தத் தரம் பஜ்ஜி இல்லை, வெறும் ரசஞ்சாதம். சமையல்கட்டில் தரையில் படுத்துக்கொண்டு என் சட்டையைப் பிடித்தவள் ஒரு மணி நேரம் விடவில்லை. "ஒண்ணுமில்ல, நீங்க பயந்துக்கினு கீறதுதான் எனக்கு பேஜாரா கீது" என்றாள். நான் பயந்துகொண்டுதான் இருந்தேன். அவள் இல்லாத வீட்டில் எனக்குத் தீப்பெட்டி எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது.

இந்தத் திங்கட்கிழமை மீசை தேறிவிட்டது. உன் அக்காளையும் கூட்டிக்கொண்டு போனேன். கண் சிமிட்டினேன், பச்சை வட்டம் வந்தது. வரிசையில் இருந்த பெண்கள் எல்லோரும் கைதட்டினார்கள், அவர்களுக்கும் என் மீசை ஒரு மாதத்துக் கவலையாகிவிட்டிருந்தது. ஹரிதா திரையைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். அப்புறம் உன் அக்காளைப் பார்த்தாள். "அங்கிள், உங்க குடும்பத்துல மொத்தம் ஒரே ஆளு. மீரு சிங்கிள்" என்றாள். அப்போது இவள் யார் என்று பக்கத்தில் மஞ்சப்பையோடு நிற்கிறவளைக் காட்டிக் கேட்டேன். உன் அக்காளின் ஆதார் எண்ணைத் தட்டிப் பார்த்தாள். "ஆன்ட்டி வேற ஸ்டேட் ரேஷன் கார்டுல இருக்காங்க. தமிழ்நாடு" என்றாள்.

பஸ் ஸ்டாண்டில் உன் அக்காளுக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுத்து விசாரித்தேன். பெண் கல்யாணமாகிப் போனால் பிறந்த வீட்டுக் கார்டில் பெயரை நீக்கி, புகுந்த வீட்டுக் கார்டில் சேர்ப்பது உலக வழக்கம். "எடுக்கத்தான் சொன்னேன், இருக்கட்டும்க்கா, உன் பேருக்கும் அரிசி வருதுல்லன்னு தம்பிதான் சொன்னான்" என்றாள். சரி, ஆதார் எப்படி அங்கே போனது? உங்கள் நைனா காரியத்துக்கு வந்தபோது தெருமுனையில் முகாம் போட்டிருந்தார்களாம், "வரிசையே இல்லக்கா, வா" என்று நீதான் கூட்டிக்கொண்டு போய் உன் விலாசத்திலேயே எடுத்துக் கொடுத்தாயாம். பிறகு இங்கே எங்கள் கார்டில் அவள் பெயர் அடிபட்டு அரிசி ஒரு ஆளுக்குக் குறைந்தபோது, ஆந்திர அரசாங்கம் கஞ்சத்தனம் செய்கிறது என்று இத்தனை வருஷம் டீக்கடையில் பேசினேன். அந்தக் கஞ்சன் நீதானா? இன்னொன்றும் கேட்டுக்கொண்டேன். ஒவ்வொரு பொங்கலுக்கும் "தம்பி சீர்" என்று உன் அக்காள் ஆசையாகக் கட்டிக்கொள்கிறாளே ஒரு சேலை, அது உங்கள் ரேஷன் கடையில் கார்டுக்கு ஒன்று கொடுக்கிற இலவசச் சேலையாமே! அந்தச் சேலைக்காக உனக்குப் பதில் மரியாதையாக நான் வருஷா வருஷம் ஒரு கூடை மாம்பழம் அனுப்பியிருக்கிறேன். அதுவும் பங்கனப்பள்ளி.

ஆகையால், மச்சான், இதை வேண்டுகோளாகவோ உத்தரவாகவோ எடுத்துக்கொள். இந்தக் கடிதம் கண்ட மறுநாளே கடையைச் சாத்திவிட்டு வட்ட வழங்கல் அலுவலகத்துக்குப் போய் உன் அக்காள் பெயரை உங்கள் கார்டிலிருந்து நீக்கி, நீக்கியதற்கான சான்றை வாங்கிக்கொண்டு வா. ஊருக்கெல்லாம் ஜெராக்ஸ் எடுக்கிறாய், அதில் நாலு காப்பி எடு. எங்கள் கல்யாணப் பத்திரிகை அத்தையிடம் இருந்தால் அதையும் கொண்டு வா, ஹரிதா அத்தாட்சி கேட்கிறாள். அவள் பிறந்தது உன் வீடாக இருக்கலாம், ஆனால் அவள் என் வீட்டு ஆள். மாதம் சில கிலோ அரிசிக்காக என் பெண்டாட்டியைக் கணக்கில் காட்டி, அவள் உயிருக்கு உலை வைத்திருக்கிறாய். அவளுக்கு ஏதாவது ஆனால் இந்த ஜென்மத்தில் உன் வாசற்படி மிதிக்கமாட்டேன். பாயசம் வைத்தாலும் வரமாட்டேன்.

அத்தைக்கு முட்டி வலி தேவலையா என்று விசாரித்ததாகச் சொல். பிரித்திகா நர்சிங் படிப்பை நல்லபடி முடித்து மகராசியாக இருக்கட்டும். உன் கடையும் குடும்பமும் ஆல்போல் தழைக்கட்டும். உன்னைப் பெருமாள் மன்னிப்பார். நான் மன்னிப்பது சான்றிதழைக் கண்ணால் பார்த்த பிறகுதான்.

இப்படிக்கு,
உன் மீது கோபமாக இருக்கும்,
மாமா வேங்கடாசலம்.

பி.கு.: இப்போது மாலை ஆறு மணி. கவரை ஒட்டுவதற்குள் உன் மகள் பிரித்திகா அவள் அத்தைக்குப் போன் செய்தாள். எப்போதும் போல ஸ்பீக்கரில் போட்டுப் பேசினாள் உன் அக்காள். கொஞ்சநேரம் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவள் திடீரென்று அழுதுவிட்டாள், எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். குழந்தை கேட்டுவிட்டு என்ன சொன்னாள் தெரியுமா? "இதுக்கா அத்தை அழுவுற? உன் பேருதான் எங்க கார்டுல கீதே! ஆயா முட்டி ஆப்ரேஷன் எப்டி செஞ்சோம்? முதலமைச்சர் காப்பீட்டு அட்டைலதான? அதுல நாலாவது பேரு உன்னுது. திருவள்ளூர்ல எங்க காலேஜ் ஆஸ்பத்திரிலயே கல்லை எடுத்துடுவாங்க. இரு, அட்டையைப் பாத்துச் சொல்றேன்... மனோரமா, உறவு மகள், கல்யாணம் ஆகாதவர்னு போட்டுக்கீது" என்று சொல்லிச் சிரித்தாள்.

ஆகவே மச்சான், மேலே எழுதியதில் பெயர் நீக்குகிற பகுதியை மட்டும் அடித்துப் படிக்கவும். அக்காள் பெயரை நீக்காதே. யார் சொன்னாலும் நீக்காதே, நானே வந்து சொன்னாலும் கேட்காதே. மற்றபடி திட்டினதெல்லாம் திட்டினதுதான், அதில் ஒரு வரியும் பொய் இல்லை, அதனால்தான் கிழித்துப் போடாமல் அனுப்புகிறேன். சேலைக் கணக்கைத் தனியாகப் பேசிக்கொள்வோம். பிரித்திகா வருகிற செவ்வாய்க்கிழமைக்கு டாக்டரிடம் சொல்லி வைக்கிறாளாம். திங்கட்கிழமை சாயங்காலம் உன் வீட்டுக்கு வருகிறோம். பாயசம் வைத்தால் வேண்டாம் என்று சொல்லமாட்டேன்.

இன்னும் ஒன்று. ஆந்திராவில் நான் ஒண்டிக்கட்டை, தமிழ்நாட்டில் அவள் கன்னிப்பெண். இரண்டு கவர்மெண்டும் சேர்ந்து எங்கள் கல்யாணத்தை நடக்கவேயில்லை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். உன் அக்காள் இதைக் கேட்டதிலிருந்து, "அப்ப காபிய நீங்களே போட்டுக்கோங்க" என்கிறாள். சிரித்தால் விலா வலிக்கிறது என்று பிடித்துக்கொண்டே சிரிக்கிறாள். ஆனால் கல்யாணமாகாதவளுக்குப் புருஷன் இருக்க முடியாதே. ஆகவே ஆஸ்பத்திரியில் கையெழுத்தெல்லாம் நீ போடு. யார் கேட்டாலும் நான் ஊர்க்காரன், துணைக்கு வந்தவன். சர்வீஸில் ஒரு நாளும் வராதவனை வந்தான் என்று எழுதாதவன், இப்போது வந்திருக்கிறவனை வரவில்லை என்று எழுதப்போகிறேன். வெளியே சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் உட்கார்ந்திருப்பேன். மீசை இன்னும் முழுதாக வரவில்லை, பார்த்துக் கண்டுபிடித்துக்கொள். மயக்கம் தெளிகிறபோது அவள் கண்ணைத் திறக்காமலே "ஏங்க" என்பாள், முப்பத்துநாலு வருஷமாக அவள் அப்படித்தான் எழுந்திருக்கிறாள். அந்தச் சத்தம் கேட்டதும் யாரையாவது ஓடிவந்து என்னைக் கூப்பிடச் சொல்.